இணையக் கட்டுரைத் தலைப்பு: வால் அறுந்தாலும் பொருள் கெடாமல் எழுதுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு மாலையில், நான் அப்போது உதவியாசிரியராக இருந்த சிறிய செய்தித் தளத்தில், “வேலூர் மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படவில்லை” என்று ஒரு தலைப்பு வைத்தேன். செய்தி சரியானது, இலக்கணத்திலும் குறையில்லை. ஆனால் கைப்பேசித் திரையில் அது “வேலூர் மாவட்டத்தில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை…” என்பதோடு நின்றுவிட்டது. மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த “இல்லை”யைத் திறந்து பார்க்காமலே பலர் அதை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் தலைப்பை மாற்றினேன் என்றாலும், பரவியது பரவியதுதான்.

இந்த விபத்து பெரும்பாலும் தமிழில் எழுதுபவருக்கே நேரும். ஆங்கில வாக்கியத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்பே வந்துவிடுகிறது. தமிழிலோ வினைமுற்று கடைசியில் வருகிறது. நடந்ததா, நடக்கவில்லையா, நடக்கலாமா, நடந்ததாகச் சொல்கிறார்களா என்பதெல்லாம் அந்த வினைமுற்றின் வாலில்தான் தொங்குகிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தலைப்பு விதிகளை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவதால் நமக்குப் பாதிப் பயன்தான் கிடைக்கும். தலைப்பின் முன்பாதி மட்டும் தெரியும்போது அது பொய் சொல்கிறதா என்று பார்ப்பதே தமிழில் தலைப்பு எழுதுபவரின் முதல் வேலை.

எதிர்மறைச் செய்திக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மறுப்பை முன்னே கொண்டுவருவது: “விடுமுறை இல்லை: வேலூரில் நாளை பள்ளிகள் இயங்கும்.” மற்றொன்று, எனக்கு மேலும் பிடித்தது, எதிர்மறையை உடன்பாடாகத் திருப்பிவிடுவது: “வேலூரில் நாளை பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்.” இதை எந்தச் சொல்லோடு வெட்டினாலும் எவரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

எங்கே வெட்டுவார்கள் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. கூகுள் தேடல் முடிவுகளில் தலைப்பு வெட்டப்படுவது எழுத்து எண்ணிக்கையைக் கொண்டு அன்று, கருவியின் திரை அகலத்தைக் கொண்டே. அறுபது எழுத்துக்குள் எழுதுங்கள் என்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்வது, குறுகலான ரோமன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் சொன்ன தோராயக் கணக்கு. ணை, ஞா, கௌ போன்ற நம் எழுத்துகள் அவற்றைவிட நெடிய இடத்தை அடைக்கும். எண்ணிச் சொல்லும் மென்பொருளையும் நம்ப வேண்டியதில்லை. “வேலூர்” என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினி எழுத்துமுறையான யூனிகோடில் உயிர்க்குறிக்கும் (ே, ூ போன்றவை) புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் பல எண்ணிகள் அதை ஆறு என்று காட்டும். நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளிது: முதல் நான்கு அல்லது ஐந்து சொற்கள் தனியே நின்றாலும் எதைப் பற்றிய கட்டுரை என்பது விளங்க வேண்டும். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் நகரப் பேருந்தின் ஜன்னலிலிருந்து, பெட்டிக்கடையில் தொங்கும் நாளிதழ்ப் போஸ்டரைப் படிப்பவருக்கு அதற்கு மேல் நேரம் கிடைப்பதில்லை. திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகும் வாசகரின் நிலையும் அதுதான்.

எனவே தனித்தன்மையுள்ள சொல் முன்னால் வர வேண்டும். “கல்யாண வீட்டு ருசியில் அசத்தலான ஆம்பூர் பிரியாணி” என்ற தலைப்பில், எந்தப் பிரியாணிக்கும் பொருந்தும் சொற்கள் முன்னிடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆம்பூர் முறையின் தனித்தன்மை, மிளகாய்த்தூளுக்குப் பதிலாகக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதைச் சேர்ப்பதிலும், சீரகச் சம்பா அரிசியைத் தனியே முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்துக் கலப்பதிலும் இருக்கிறது. இதை வைத்து, “ஆம்பூர் பிரியாணி: மிளகாய்த்தூள் சேர்க்காமல் செய்யும் முறை” என்று முதலில் எழுதத் தோன்றும். ஆனால் “ஆம்பூர் பிரியாணி: மிளகாய்த்தூள்…” என்று வெட்டுப்பட்டால் பழைய விபத்து மறுபடியும் நேரும். “ஆம்பூர் பிரியாணி: காய்ந்த மிளகாய் விழுதில் செய்யும் முறை” என்பதே சரி. ஊர்ப்பெயரும் உணவின் பெயரும் வேற்றுமை உருபு (ஐ, இல் போன்றவை) ஏற்காமல் முன்னே நிற்பதால், தேடுபவர் தட்டச்சிடும் சொல்லும் தலைப்பில் உள்ள சொல்லும் ஒன்றாகவே இருக்கும்.

ஒற்று குறித்து ஒரு சொல். தேடல் பெட்டியில் எவரும் வல்லின ஒற்றைப் போட்டு எழுதுவதில்லை என்று காரணம் காட்டி, தலைப்பிலும் அதை விட்டுவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. “வேலை கொடு” என்றால் பணி கேட்பது. “வேலைக் கொடு” என்றால் முருகனின் ஆயுதத்தைக் கேட்பது. பொருள் மாறும் இடங்களில் ஒற்றை விடவே கூடாது. ஊர்ப்பெயரை அடுத்து வரும் ஒற்று போன்ற இடங்களில், தளம் முழுவதும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றினால் போதும்.

வேண்டிய இடத்தில் உருபை விட்டுவிடுவதும் ஒரு பொல்லாத பழக்கம். குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளில் காட்டையொட்டிய சிற்றூர்களில் சிறுத்தை ஆட்டை அடிப்பது அவ்வப்போது வரும் செய்தி. “சிறுத்தை கொன்ற ஆடு” என்று தலைப்பிட்டால், அந்த ஆட்டுக்கு வீர விருது கொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். “சிறுத்தை தாக்கி ஆடு பலி” என்று எழுதினால் யார் யாரைக் கொன்றது என்ற ஐயமே எழாது. இடம் மிச்சமாகிறது என்பதற்காக எழுவாயையும் செயப்படுபொருளையும் வாசகர் ஊகிக்கும்படி விடக் கூடாது.

எங்கள் வட்டாரத்தில் எழுதுபவர்கள் ஊர்ப்பெயரில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. பின்னர் 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டையைச் சேர்ந்தவை. ஆனாலும் “வேலூர் மாவட்டம் ஆம்பூர்” என்ற பழைய வழக்கு புதிய தலைப்புகளிலும் எட்டிப் பார்க்கிறது. அதோடு சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் உண்டு. உள்ளூர் நாளிதழின் வாசகருக்கு இந்தக் குழப்பம் வராது. இணையத்தில் கட்டுரை எந்த ஊரில் திறக்கப்படும் என்று தெரியாததால், “திருப்பத்தூர் (சிவகங்கை)” என்பது போன்ற அடையாளத்தை இரண்டு சொல் கூடினாலும் சேர்த்துவிடுவது நல்லது.

இனி ஆர்வத்தைத் தூண்டும் தலைப்புகள். “வேலூர்க் கோட்டைக்குள் நடந்த பயங்கரம்! யாருக்கும் தெரியாத உண்மை!” என்பது போன்றவை பெருகிப்போனதால்தான், தகவலை மறைத்தோ மிகைப்படுத்தியோ ஆளை இழுக்கும் தலைப்புகளின் பரவலைக் குறைக்கப் போவதாக ஃபேஸ்புக் 2016 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த அறிவிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ள ஒன்றை யாருக்கும் தெரியாதது என்று சொல்வது வாசகரை மட்டமாக எடைபோடுவதாகும். 1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு, புதிய வகைத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கியதும், நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்ததும் உடனடிக் காரணங்கள். “வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி, 1806: தலைப்பாகையில் தொடங்கிய எழுச்சி” என்று தலைப்பிட்டால் எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் தலைப்பாகைக்கும் புரட்சிக்கும் என்ன தொடர்பு என்று அறிய வாசகர் உள்ளே வருவார். குறிப்பான ஒரு பொருளோ ஆண்டோ செய்யும் வேலையைப் பத்து ஆச்சரியக்குறிகள் செய்வதில்லை.

கேள்வித் தலைப்பு விடையைக் கட்டுரையில் தருவதானால் மட்டும் பொருந்தும். “பாலாறு மீண்டும் வறண்டதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே விடை சொல்லாமல் நழுவுவது ஏமாற்று. குற்றச் செய்திகளில் “கைதானவர்” என்பதற்குப் பதில் “குற்றவாளி” என்று சுருக்கிவிடக் கூடாது. அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

தலைப்பை எப்போது எழுதுவது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. கட்டுரை முடிந்த பிறகு என்பதே என் பதில். முதலில், இதைப் படித்தவர் வீட்டில் இருப்பவரிடம் ஒரே மூச்சில் என்ன சொல்வாரோ அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். சான்றாக, அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். “நம்ம ஊர் முள்ளுக் கத்திரிக்காய்க்குக் குறியீடு கிடைத்திருக்கிறதாம்” என்பது வீட்டுப் பேச்சு. அதிலிருந்து “நம்ம ஊர்”, “ஆம்” இரண்டையும் நீக்கி, பெயரை முழுமையாக்கி, முன்னே வைத்தால், “இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்: வேலூருக்குக் கிடைத்த புவிசார் குறியீடு” என்று அமையும். விவசாயிக்காக எழுதியதானால் பின்பாதியை “குறியீட்டால் விவசாயிக்கு என்ன பயன்?” என்று மாற்றலாம், முன்பாதியைத் தொட வேண்டாம்.

பக்கத்தில் தெரியும் தலைப்பும் தேடலுக்குக் கொடுக்கும் தலைப்பும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூகுள் மாற்றியது; நாம் கொடுத்தது பொருந்தவில்லை என்று கருதினால், பக்கத்திலுள்ள வேறு வரியை எடுத்து அதுவே காட்டிவிடும். இணைய முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வைத்து நகலெடுத்து ஒட்டினால், ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு (%) ஒன்பது இடங்களாக விரிந்து, “வேலூர்” என்ற ஒரு சொல்லே 54 இடங்களை விழுங்கும்.

வெளியிடும் முன், கட்டுரையின் முன்னோட்ட இணைப்பை உங்கள் கைப்பேசிக்கே அனுப்பித் திரையில் பாருங்கள். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி விரலால் மறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பொருள் தலைகீழாகிறதோ, அங்கே மறைந்த சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்து மறுபடியும் எழுதுங்கள்.