ஸ்ப்ரிங்கை விடுங்கள், முதலில் ஆயிலைப் பாருங்கள்: ஆர்.சி. பக்கிக்கு ஷாக் செட்டிங்

பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் அக்கா மகன் தன் 1/10 பக்கியை (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார்) என் முன்னால் வைத்து, "மாமா, ஜம்ப்ல இருந்து இறங்கினாலே துள்ளிக் கவிழுது, ஸ்ப்ரிங் மாத்தணும்" என்றான். அதிர்ச்சியைத் தாங்கும் ஆயில் குழாயான ஷாக் ஒன்றைக் கழற்றி, அதிலிருந்து நீளும் ராடை அமுக்கினேன். உள்ளே சளக் சளக் என்றது. ஸ்ப்ரிங் மேல் தப்பே இல்லை, ஆயிலுக்குள் காற்று.

அதனால் முதல் வேலை ஷாக்கை ஒழுங்காக நிரப்புவது. சிலிக்கான் ஷாக் ஆயில்தான் வேண்டும். ஒருமுறை அவசரத்துக்கு அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றினேன். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்கெல்லாம் ஊதிப்போய் ராட் அசைய மறுத்துவிட்டது.

மூடிக்குள் ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) உள்ள ஷாக் என்றால், ராடை முழுக்கக் கீழே இழுத்து, கிட்டத்தட்ட விளிம்பு வரை ஊற்றுங்கள். ராடின் உள்முனையில் இருக்கும் துளையிட்ட தட்டான பிஸ்டன் ஆயிலுக்கு மேலே வராமல் மெதுவாக ஏற்றி இறக்கினால் குமிழிகள் கிளம்பும். 10 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள், ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அப்புறம் விளிம்பு முட்ட ஊற்றி, ராடைக் கொஞ்சம் மேலே தள்ளி மூடியைத் திருகுங்கள். மிச்ச ஆயில் வழியட்டும். ராட் முழுதாக உள்ளே போகவில்லையா? ஆயில் அதிகம், மூடியைத் தளர்த்திச் சிறிது வெளியேற்றுங்கள்.

இடது வலது ஷாக்குகளின் ராட் முனைகளை ஒன்றோடொன்று முட்டவைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அந்த ஜோடியை மறுபடி நிரப்புங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டு வேறு எதைச் சரிசெய்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எந்த ஆயில்? முன்னால் 35, பின்னால் 30 வெயிட்டில் தொடங்கலாம் (வெயிட் என்பது ஆயிலின் கெட்டித்தன்மைக்கான எண், கூடினால் கெட்டி). பேட்டரியும் பாடியும் மாட்டி, ஸ்ப்ரிங்கை அழுத்தும் வளையமான காலரைத் திருகி, பின்பக்க ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) தரைக்கு இணையாக நிற்கும்படி வையுங்கள். பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து வண்டியைத் தட்டையாகப் போடுங்கள். அடிப்பாகம் லேசாகத் தட்டி அமர்ந்தால் சரி. மறுபடி துள்ளினால் ஆயில் நீர்த்திருக்கிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் தத்தித் தத்திப் போனால் ஆயில் கெட்டி.

பிஸ்டன் துளையில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். சிறிய துளை, நீர்த்த ஆயில். பெரிய துளை, கெட்டி ஆயில்: கையால் அமுக்கினால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். வித்தியாசம் ஜம்ப்பில் தெரியும். வேகமாக இறங்கும்போது சிறிய துளை வழியே ஆயில் போக நேரம் போதாது, ஷாக் இறுகிவிடும். பெரிய ஜம்ப்பில் அடிப்பாகம் மோதாமல் இருக்க இது உதவும். கரடுமுரடான செம்மண்ணிலோ வண்டியைத் துள்ள வைக்கும். எங்கள் மைதானத்துக்கு நான் பெரிய துளைதான் போடுவேன்.

பெங்களூரு வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஜனவரி காலைக் குளிரில் கெட்டியாக இருந்த ஆயில், ஏப்ரல் மதியத்தில் நீர்த்துப்போகும். அப்போது 5 வெயிட் ஏற்றுங்கள், ஒரே நேரத்தில் ஸ்ப்ரிங்கையும் மாற்றாதீர்கள். எந்த எண் ஊற்றினீர்கள் என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி வண்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். மருமகன் ஒட்டவில்லை, போன வாரம் நான்கையும் திரும்பத் திறந்தோம்.