கோத்தகிரியில் இருந்தபடியே விவாகரத்து மனு

கல்யாணம் திருப்பூரில், குடித்தனம் சென்னையில். பிரிந்தபின் கோத்தகிரியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். "வழக்கு சென்னையில்தான் போட முடியும்" என்று கணவர் வீட்டார் அடித்துச் சொன்னார்கள். வாய்தாவுக்கு வாய்தா மலையிறங்கிப் போக என்னால் ஆகாது.

ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்; பலருக்கு இது தெரிவதே இல்லை. வந்த வக்கீல் அம்மா இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் காட்டினார். திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் மட்டுமல்ல, மனு போடுவது மனைவி என்றால் அவள் வசிக்கும் ஊரிலும் போடலாம். 2003இல் வந்த திருத்தம் இது. முகவரிக்கு என் ஆதார் போதுமாக இருந்தது.

ஊட்டியில் வழக்கு பதிவானதும் கணவர் பேச்சுக்கு இறங்கி வந்தார். சரி, அதே சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து என்று மாற்றிக்கொண்டோம். அதற்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான். மனு போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு. அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. நாங்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்தோம், நகையும் ஜீவனாம்சமும் எழுத்தில் முடிந்திருந்தன. அதனால் எங்களுக்குத் தளர்த்தினார்கள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றப் போனபோது முதலில் கேட்டது அதைத்தான்.