வண்டிகளுக்கு ரூட் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வண்டிகளுக்கு ரூட் பிரிப்பதை 1959-இல் ஒரு கணக்காக வடித்தவர்கள் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர். பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் லாரிகளுக்கான கணக்கு அது. மொத்தத் தூரம் குறைய வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. இன்றும் பல மென்பொருள்கள் அதையே தேடுகின்றன. ஒரு டிரைவருக்கு 9 மணி நேரமும் இன்னொருவருக்கு 5 மணி நேரமும் விழுந்தாலும், மொத்தம் குறைவாக இருந்தால் அதுதான் சிறந்த விடை. அந்த விடையை அப்படியே டிரைவர்கள் கையில் கொடுப்பது முதல் தவறு.

சரி, சமமாகப் பிரிப்போம் என்று இறங்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. நீளமான ரூட்டுக்கும் குட்டையான ரூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும்படி மென்பொருளிடம் கேட்டுவிடுகிறோம். அந்த 5 மணி நேர டிரைவரைச் சும்மா 4 மணி நேரம் சுற்றவிட்டால் இருவருக்கும் 9 ஆகிவிடும், வித்தியாசம் பூஜ்யம்! ஆனால் யாருடைய சுமையும் இறங்கவில்லை. எரிபொருளும் ஒரு மனிதருடைய மாலை நேரமும்தான் வீண். இதை நியாயம் என்று சொல்லவே கூடாது.

வித்தியாசத்தை விட்டுவிட்டு, மிக நீளமான ரூட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு ரூட்டுகளும் உரசும் இடத்தில் உள்ள சில நிறுத்தங்கள் கைமாறி, 7½, 7 என்று வரலாம். மொத்தம் அரை மணி நேரம் கூடுகிறது. ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் குறைகிறது. இந்தப் பேரத்தைத் தயங்காமல் ஏற்கலாம். எங்கோ தொலைவில் இருக்கும் ஒரே வாடிக்கையாளரால் நீளமான ரூட் அதற்குமேல் குறையவே முடியாத நிலையும் வரும். அப்போது அடுத்த நீளமான ரூட்டைக் கவனிக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டால் மற்ற டிரைவர்களின் சுமையை யாருமே பார்க்க மாட்டார்கள்.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஆளுக்கு 30 நிறுத்தம் என்பது பார்க்கச் சமம்தான். ஆனால் ஒருவர் மூட்டைகளோடு மாடி ஏறுகிறார், இன்னொருவர் வாசலில் உறையைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். கிலோமீட்டரும் இப்படித்தான், நெரிசல் அதில் தெரியாது. இறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்த வேலை நேரத்தை எடுங்கள். கூலி நிறுத்தக் கணக்கில் என்றால் வருமானத்தையும் தனியாகப் பாருங்கள். நேரம் சமமாக இருந்தும் சம்பளம் பாதியாகலாம்.

ஒவ்வொரு நாளும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் வேண்டாம். வாரக் கணக்கில் சமன் செய்தால் செலவு கட்டுக்குள் நிற்கும். அதற்காகத் தினமும் ஆளை மாற்றாதீர்கள். பழகிய பகுதியில் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பது டிரைவருக்குத் தெரியும்.

அப்புறம், எப்போதும் கடைசியாகவே சரக்கு வாங்கும் வாடிக்கையாளரை மறந்துவிடுகிறோம். போக வர ஒரே தூரம் உள்ள சாலைகளில், நேரக் கட்டுப்பாடு இல்லாத நாட்களில், ரூட்டைத் தலைகீழாக ஓட்டலாம். மொத்தத் தூரம் அதேதான், வரிசை மட்டும் மாறும்.