நகரமைப்பு ஆய்வேட்டில் அடிக்கடி நேரும் தவறுகள்

முதுகலை நகரமைப்புப் படிப்பில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்கச் சொன்னால், பாதிப் பேர் 'சென்னையில் வெள்ளம்', 'சென்னையில் போக்குவரத்து' என்று ஊரையே அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இருக்கிற சில மாதங்களில் அது முடியாது. ஒரு ஏரி, அதன் வரத்துக் கால்வாய், கரையோரத்தில் நாலு தெரு என்று எடுத்தாலே வேலை சரியாக இருக்கும்.

அதைவிடப் பெரிய குழி மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னைக்கு ஏறத்தாழ 46.5 லட்சம் பேர். அதை எடுத்தது பிப்ரவரியில். அப்போது மாநகராட்சியின் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர் எல்லாம் சேர்ந்து பரப்பு 426 ஆகிவிட்டது. 155 வார்டுகள் 200 ஆயின, எண்களும் மாறின. இது தெரியாமல் பழைய தலைக்கணக்கைப் புதிய பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 11,000 பேர்கூடத் தேறாது. அப்போதைய உண்மையான அடர்த்தி 26,000-க்கு மேல்! எத்தனை பள்ளி வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அதன்மேல் கட்டுகிற கணக்கு எல்லாமே பிசகும். எண்ணை எடுக்கும்போதே அது எந்த எல்லைக்குரியது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.

வரைபடமும் அப்படித்தான். 2008-இல் சென்னைப் பெருநகருக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நிலப் பயன்பாட்டு வரைபடம், எந்த இடத்தில் எதற்கு அனுமதி உண்டு என்று சொல்வது. அங்கே இன்று என்ன இருக்கிறது என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புகிறவர்கள், மே மாதத்தில் வறண்டு கிடக்கும் ஏரியைக் காலி நிலம் என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் களப்பணி. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடிவைத்த கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிக்குக் காலை 11 மணிக்குப் போனால், வேலைக்குப் போனவர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள். பஸ் பிரச்சினையைப் பற்றிக் கேட்க வேண்டியதே அவர்களிடம்தான். விடியற்காலையில் நிறுத்தத்தில் அவர்களோடு நில்லுங்கள், ஞாயிறு மாலையில் இன்னொரு முறை போங்கள். அவர்கள் நேரத்தைக் கொடுத்துப் பேசுகிறார்கள். முடிவில் என்ன எழுதினீர்கள் என்று திரும்பிப் போய்ச் சொல்வது நம் கடமை.

கடைசி அத்தியாயத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம், பெரிய ஏரிகள் பல நீர்வளத் துறையிடம். எந்தத் தெருவில், எந்த அடைப்பை, யார் எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.