கூடித் தைக்கும் நாளில் முதலில் செய்ய வேண்டிய அளவுச் சோதனை

1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ராஜெக்ட் லைனஸ் அமைப்பின் தன்னார்வலர்களைப் போல, நோயுற்ற குழந்தைகளுக்காகப் பலர் ஒன்றுகூடி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் நாளில், நேரத்தை அதிகம் விழுங்குவது தைத்ததைப் பிரித்து மீண்டும் தைப்பதுதான். ஆளுக்கொரு மெஷினில் தைத்த பகுதிகள் கடைசியில் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஓரத்தில் விடும் கால் அங்குலம் கைக்குக் கை மாறுவதே. ஒரு வரிசையில் 10 சதுரங்கள் இருந்தால் 9 இணைப்புகள் வரும். ஒவ்வோர் இணைப்பிலும் இரு துண்டுகளும் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போனாலே, வரிசை ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும்.

ஆகவே, வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைத் துண்டுகளை நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பார்க்க வேண்டும். அதன் அகலம் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரத்தில் துணி அதிகம் போகிறது என்று பொருள். மெஷின் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் விளிம்பை அதையொட்டியே நகர்த்தினால், புதிதாகத் தைக்க வந்தவருக்கும் அளவு பிசகாது. இஸ்திரி வேலையை ஒருவரிடமே ஒப்படைப்பது நல்லது. பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் மேலிருந்து அழுத்தியெடுத்தால்தான் துண்டுகள் கோணாமல் இருக்கும்.

குண்டூசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள். குழந்தைக்குப் போர்த்தும் துணியில் ஒன்றுகூடத் தங்கிவிடக் கூடாது.