பேகல் கடை வாசலில் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மாண்ட்ரியல் நகரின் மைல் எண்ட் பகுதியில் தெருப் படம் எடுக்கப் போகிறவர்கள், பேகல் என்ற வளைய வடிவ ரொட்டி விற்கும் கடையில் நிற்காமல் போவதே இல்லை. ஃபேர்மவுண்ட், 1957இல் தொடங்கிய செயின்ட் வியேட்டர் என்ற இரண்டு பழைய கடைகளும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. இரண்டிலும் இன்றும் விறகடுப்புதான்.

குளிர்காலத்தில் கடைக்குள் நுழைந்த உடனே கேமராவை வெளியே எடுக்காதீர்கள். தெருவில் மைனஸ் 20, உள்ளே அடுப்பும் கொதிக்கிற தண்ணீரும். ஒரு நொடியில் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி வரும். வெளியில் நிற்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு உள்ளே போனால், ஈரம் பைமேல் படியும். கேமரா கடையின் சூட்டுக்கு வந்த பிறகு எடுக்கலாம்.

அந்த நேரத்தில் ஒரு பேகல் வாங்கித் தின்றுகொண்டே, பேகல் செய்கிறவரின் வேலையைக் கவனியுங்கள். கவனிக்காமல் படம் எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. மாவைக் கயிறுபோல இழுத்து, விரல்களைச் சுற்றி வளைத்து, நுனிகள் ஒட்ட உள்ளங்கையால் ஒரே உருட்டு. அப்புறம் தேன் கலந்த கொதிநீர், அதன்பின் எள் அல்லது கறுப்புக் கசகசா, கடைசியில் நீளமான மரப்பலகையில் வரிசையாக அடுப்புக்குள். நியூயார்க் பேகலைவிட ஒல்லி, ஓட்டை பெரிது, லேசான இனிப்பு. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் கை அடுத்து எங்கே போகும் என்பது தெரியும், அங்கே காத்திருக்கலாம். ஷட்டர் வேகம் 1/250 நொடி என்றால் படத்தில் கை அப்படியே நிற்கும். எனக்குப் பிடித்தது 1/30: முகம் தெளிவாக, கை மட்டும் ஓடுவதாக விழும்.

வெளிச்சத்தை அடுப்புத் தீயில் அளக்காதீர்கள், பேகல் செய்கிறவர் படத்தில் இருட்டாகிவிடுவார். அவர் முகத்தில் அளவெடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், தீக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கண் கூசக் கூடாது.

தெருவுக்கு வந்தால் தவறு பெரிதாகிறது. பொது இடம்தானே, யாரையும் படமெடுத்து வெளியிடலாம் என்று நினைப்பவர்கள், மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் மாட்டிக்கொள்வார்கள். மாண்ட்ரியலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியில்லாமல் ஒரு பத்திரிகை வெளியிட்டது. 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் அவருக்கு 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. கூட்டத்தில் ஒருவராக விழுந்த முகம் வேறு விஷயம். ஒருவரை மட்டும் குறிவைத்து எடுத்தால் வெளியிடும் முன் கேளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே வலிக்கிற ஒன்று உண்டு. மைல் எண்டில் ஹசிடிக் யூதக் குடும்பங்கள், அதாவது மத வழக்கங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதர்கள், நிறைய வாழ்கின்றன. கறுப்புக் கோட்டும் தொப்பியும் கண்ணில் பட்டவுடன் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுக்கிறார்கள், குழந்தைகளைக்கூட. நம் வீட்டு வாசலில் யாராவது அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா? வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். படம் எடுப்பது அன்று விலக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. அந்த நேரத்தில் கேமராவைப் பைக்குள் வையுங்கள். மற்ற நாளில் யாராவது படத்தை அழிக்கச் சொன்னால், வாதாடாமல் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.