பருப்பு வேகவில்லையா? தண்ணீரைப் பாருங்கள்

நான் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள். அம்பாசமுத்திரத்தில் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் கோலம் போட்டுத் திரும்பினால் குழைந்து கிடக்கும். 1998-இல் சென்னை மடிப்பாக்கத்துக்குக் குடிவந்த முதல் வாரம், குக்கரில் எட்டு விசில் விட்டும் பருப்பு முழித்துக்கொண்டு நின்றது. மாமியார் என் சமையலைச் சந்தேகப்பட்டார். நான் மளிகைக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர், என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை மசியவிடாமல் இறுக்கிவிடும். சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர்போலத் திரியும். ஹீட்டர் கம்பியில் வெள்ளைக் காறையாக ஏறும்.

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்குமுன், அது எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடியுங்கள். சென்னையில் ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியம் குழாயில் விடுவது), லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் கலக்கும் வீடுகள் ஏராளம். மெட்ரோ தண்ணீரே ஒரே ஊற்று அன்று: புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளிலிருந்தும் வருகிறது; நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்தும் வருகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனி பாட்டிலில், சம்ப்பில் விழுமுன்பே பிடியுங்கள். மேல் தொட்டிக் குழாயில் பிடித்து அளந்தால் சாம்பாரை ருசித்துப் பருப்பின் தரம் சொல்வதுபோல்தான்.

செலவில்லாத சோதனை இது. சாதாரண குளியல் சோப்பைத் துருவி, மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ (உப்பை வடிகட்டும் சுத்திகரிப்பு இயந்திரத்தின் நீர்) கரைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பு, துணி பவுடர் வேண்டாம். அவை கடினநீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றும். ஒரே அளவான பாட்டில்களில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை கலையாமல் ஒரு நிமிடம் நிற்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் மழைநீருக்கு 4, மெட்ரோவுக்கு 13, போருக்கு நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எண்ணாகத் தெரிய வேண்டுமா? சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. ஆனால் அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். கடினத்தன்மையைப் பிரித்துச் சொல்லாது. கடற்கரையை ஒட்டிய கிணற்றில் வெறும் சோற்றுப்புகூட மீட்டரை ஏற்றிவிடும். கடினத்தன்மைக்குத் தனிச் சொட்டுமருந்துப் பெட்டி இருக்கிறது: தண்ணீரின் ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்குக் கடினத்தன்மை 200 மில்லிகிராம், டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600, 2000 வரை. எங்கள் போர் தண்ணீர் கோடையில் 520, 1400. மழை நன்றாகப் பெய்த வருடம் இறங்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் கட்டினால் முறையான அறிக்கையே தருவார்கள்.

கிருமி இருக்கிறதா என்று மீட்டர் சொல்லாது. 150 காட்டும் தண்ணீரில் சாக்கடை கசிந்திருக்கலாம். முறைவைத்து வரும் மெட்ரோ தண்ணீரில் முதலில் வருவதைப் பிடிக்காமல் விடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கடினத்தன்மையிலும் ஒரு பகுதி அடியில் காறையாகத் தங்கிவிடும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், உப்பை எடுக்கா. என் பாட்டியின் நம்பிக்கை வேறு. அவருக்குக் கிடைத்தது ஆற்றுத் தண்ணீர்.

இனி, வீட்டுக்கே வந்து சோதித்துக் காட்டும் ஆர்.ஓ. விற்பனைப் பிரதிநிதிகள். ஒருவர் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் தண்ணீர் சேற்றுக் குழம்பானது, அவர் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்களா அம்மா?” என்றார். கலங்கி வந்தது கரைந்த இரும்புக் கம்பி. உப்புள்ள நீரில் மின்சாரம் ஓடும், ஆர்.ஓ. நீரில் அவ்வளவாக ஓடாது, அவ்வளவுதான் ரகசியம். அது புரியாமல் அன்று முன்பணம் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தால், அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால், வேறு மாசு இல்லாதவரை, ஆர்.ஓ. தேவையில்லை. வாங்கினாலும், வெளியே கொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்; உப்பு அதில்தான் திரண்டிருக்கிறது. தரை துடைக்கலாம். வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கும் கருவி) வைத்தால் உப்பு போட்டு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அந்த நீரில் சோடியம் ஏறுவதால் சமையலறைக் குழாயை அதிலிருந்து பிரித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு ஏற்பாடு எளிது. போர் தண்ணீர் கழிப்பறைக்கும் தரைக்கும். மெட்ரோ தண்ணீர் சமையலுக்கும் குடிப்பதற்கும், மிஞ்சினால் தலைக்குளியலுக்கும். ஷவர் அடைத்துக்கொண்டால், மளிகைக் கடை எலுமிச்சை உப்பு இரண்டு கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறவிடுகிறேன். பளிங்குத் தரையில் அது சிந்தக்கூடாது, அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது; எழும்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும்.

மெட்ரோ தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரில்தான் பருப்பு என்றால், ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். உப்பும் புளியும் வெந்த பிறகே. சோடா கூடினால் சாம்பார் சோப்பு வாடை அடிக்கும். மாமியார் உடனே கண்டுபிடித்துவிடுவார்.